செப்டம்பர் ஏழு, செப்டம்பர் பதினெட்டு

ஒன்பது இருபத்திரண்டுக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. ஒன்பதரைக்குள் போனை ஒப்படைத்துவிட வேண்டும். நடுவில் கிடைத்த எட்டு நிமிஷத்தையும் திரையில் சுற்றிய சின்ன வட்டமே தின்றுவிட்டது. உங்கள் விண்ணப்பத்தின் மீது முடிவு எடுக்கப்பட்டுள்ளது, உங்கள் கணக்கினுள் சென்று பார்க்கவும். இவ்வளவுதான் வாசித்தேன். கணக்கினுள் போகக் கடவுச்சொல் கேட்டது, போட்டேன், தப்பு என்றது, மறுபடி போட்டேன், முதல் எழுத்து பெரிய எழுத்து என்பது நினைவு வந்து மூன்றாவது தடவை போட்டேன், வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது, கல்லூரியின் இந்த மூலையில் சிக்னல் எப்போதுமே இப்படித்தான், மாடிப்படியில் நாலு படி ஏறிப் பார்த்தேன், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்தேன், அதற்குள் தலைமைக் கண்காணிப்பாளர் சந்திரமதி மேடம் எவர்சில்வர் தட்டை நீட்டிவிட்டார். "மெல்டா மேடம், போன்." தேர்வு முடியும்வரை கண்காணிப்பாளர்கள் யாரிடமும் போன் இருக்கக் கூடாது, அது பல்கலைக்கழக விதி, சந்திரமதி மேடம் அந்த விதிக்கு இரண்டு கால் முளைத்து நடமாடுவது போன்றவர். ஒரு நிமிஷம் மேடம் என்று சொல்ல வாயெடுத்தேன். தட்டு அசையவில்லை. வைத்துவிட்டேன், மற்றவர்கள் போன்களோடு என் போனும் குப்புறப் படுத்துக்கொண்டது, வட்டம் அதற்குள்ளே இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். இதோ இப்போது மணி பத்து ஐந்து. பதினான்காம் எண் அறை. முப்பது பேர் வணிகச் சட்டம் எழுதுகிறார்கள். ஒரு மணிக்கு மணியடிக்கும். அதுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அது ஏற்கெனவே நடந்துவிட்டது, அதுதான் தாங்கவில்லை, முடிவு எடுக்கப்பட்டுள்ளது, எடுக்கப்படும் இல்லை, எடுக்கப்பட்டுவிட்டது, அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு கணினிக்குத் தெரியும், பக்கத்து அறையில் கிடக்கும் என் போனுக்குக்கூடப் பாதி தெரியும், எனக்கு மட்டும் தெரியாது, நான் ஒரு கட்டு விடைத்தாளையும் நூலையும் வைத்துக்கொண்டு பேன் காற்றுக்குக் கீழே நின்றுகொண்டிருக்கிறேன்.

அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். அதில் சந்தோஷம் என்ற சொல் இல்லை. வருத்தம் என்ற சொல்லும் இல்லை. போன வருஷம் இரண்டு இடங்களுக்கு விண்ணப்பித்தேன், இரண்டிலிருந்தும் வருந்துகிறோம் என்றுதான் வந்தது, முதல் வரியிலேயே நன்றி சொல்லிவிட்டால் மீதியை வாசிக்கவே வேண்டாம், அது எனக்குப் பழகிவிட்டது. இதில் நன்றி இல்லை. நன்றி இல்லாதது நல்லதா? இல்லை, இது வெறும் அறிவிப்பு, கடிதம் உள்ளே இருக்கிறது, நன்றியும் உள்ளே இருக்கலாம். நமக்கு ஒன்பது இருபத்திரண்டு என்றால் அங்கே விடியற்காலை ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருக்கும். அந்த நேரத்தில் எந்த மனுஷரும் உட்கார்ந்து தட்டியிருக்க மாட்டார். எந்திரம் அனுப்பியது. இல்லை என்று சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் எந்திரத்தை விட்டு மொத்தமாக அனுப்புவார்களோ, உண்டு என்று சொல்வதற்கு யாராவது மனுஷர் வந்து எழுதுவார்களோ? ஆனால் எந்திரத்துக்கு என்ன தெரியும், அதற்கு எல்லாரும் ஒன்றுதான், உண்டுக்கும் இல்லைக்கும் ஒரே வரியைத்தான் அனுப்பும். அப்படியானால் அந்த வரியில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் அதை விட்டுவிடலாம். விட்டுவிட்டேன். முன் வரிசையில் ஒரு பெண் கேள்வித்தாளை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து வாசிக்கிறாள், பின்பக்கம் என்னைப் பார்த்து இருக்கிறது. ஒப்பந்தம் என்றால் என்ன, முன்மொழிவும் ஏற்பும் விளக்குக. முன்மொழிவும் ஏற்பும். நானும் அதற்குத்தானே காத்திருக்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது, வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டேன், அந்தப் பெண் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்துத் தாளைக் கீழே இறக்கினாள்.

கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு விடைத்தாளின் முகப்பிலும் பதிவெண்ணைச் சரிபார்த்து, கையெழுத்து, தேதி. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு பேர். வேலை இருப்பது நல்லது. முதல் மேஜை, ஹால் டிக்கெட்டைப் பார், முகத்தைப் பார், எண்ணைப் பார், போடு. படிப்பு செப்டம்பர் ஏழாம் தேதி ஆரம்பம் என்று அவர்களுடைய பக்கத்தில் போட்டிருக்கிறது, ஓராண்டு முதுகலை, கடல்பாசியும் கரைச் சூழலும். அப்படி ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த அன்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். இங்கே முதுகலை தாவரவியல் முடித்து ஐந்து வருஷம், தற்காலிக விரிவுரையாளர், முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இலையின் குறுக்குவெட்டுத் தோற்றம். என் ஆய்வேடு முழுக்கப் பாசி. வேம்பாரிலும் ரோச்மா நகரிலும் பாசி எடுக்கும் பெண்களோடு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கணக்கெடுத்தேன், கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, பக்கடாப்பாசி. மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவோம், மிச்ச நாள் அது வளரட்டும் என்று அந்தப் பெண்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள், எந்த அதிகாரியும் சொல்லித் தரவில்லை. அதைத்தான் விண்ணப்பக் கட்டுரையில் முதல் வரியாக வைத்தேன். திருநெல்வேலியில் ஆலோசனை மையம் வைத்திருக்கும் ஒருவர் அதை வாசித்துவிட்டு, "மேடம், சின்ன வயசுல இருந்தே எனக்கு அறிவியல்மேல் தீராத ஆர்வம்னு ஆரம்பிங்க, எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறாங்க" என்றார். எல்லாரும் அப்படி ஆரம்பித்தால் நான் எதற்கு அப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். பதினோரு தடவை திருத்தி எழுதினேன், பதினோரு தடவையும் பக்கடாப்பாசி முதல் பத்தியை விட்டு நகரவில்லை. இரண்டாவது வரிசை. பதிவெண், முகம், கையெழுத்து, தேதி.

கணினித் திரையில் நடந்த நேர்காணலில் பேராசிரியர் ஓனா கேட்ட முதல் கேள்வியே அதுதான், பக்கடாப்பாசி, அவர் வாயில் அது பகோராபாஸி ஆகிவிட்டது, பக்கடா என்றால் என்ன என்று கேட்டார், நான் கடலை மாவில் ஆரம்பித்து எண்ணெயில் போட்டு எடுப்பதுவரை விளக்கினேன், இருபது நிமிஷ நேர்காணலில் நாலு நிமிஷம் பலகாரத்துக்குப் போய்விட்டது. அவர் பேசும்போது வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுவார், இரண்டு தடவை மன்னிக்கவும் மறுபடி சொல்லுங்கள் என்றேன், மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டு ஆமாம் என்று சொல்லிவைத்தேன், எதற்கு ஆமாம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. ஒருவேளை உங்களுக்கு நீந்தத் தெரியாதுதானே என்று கேட்டிருப்பார். ஒருவேளை நீங்கள் இந்த வருஷமே வரவேண்டும் என்ற அவசரம் இல்லைதானே என்று கேட்டிருப்பார். அந்த ஆமாம்தான் என்னைக் கவிழ்த்திருக்கும். ஆனால் முடிந்ததும் அவர் சிரித்தார், ஒரு நாய் வந்து அவர் மடியில் தலையை வைத்தது, அதன் காதைத் தடவிக்கொண்டே, இங்கே மழை பெய்யும், அது உனக்குத் தெரியும்தானே என்றார். இடம் தரப் போகாதவளிடம் மழையைப் பற்றி ஏன் சொல்ல வேண்டும்? அது மரியாதைக்குச் சொன்னது. இல்லை, மழையை மரியாதைக்குச் சொல்ல மாட்டார்கள். மறுநாள் ஒரு மின்னஞ்சல், அன்புள்ள அருளப்பன் என்று ஆரம்பித்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள், நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே, அதனால் அங்கே நான் அருளப்பன். அப்பா துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டினார், இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிறந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அம்மா அவர் என்பாள், அவ்வளவுதான். எங்கோ ஒரு நாயை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அம்மா, அன்புள்ள அருளப்பன், உங்கள் கட்டுரை எனக்குப் பிடித்தது என்று எழுதுகிறார். திருத்தலாம் என்று பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நாள் அவரும் அங்கே இருக்கட்டும்.

"மிஸ், அடிஷனல்." கடைசி வரிசையில் கை தூக்குகிறான், பத்தே முக்காலுக்கே கூடுதல் தாள் கேட்கிறான், கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன், நடந்து திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே ஏப்ரல் வெயில், உப்பு லாரி ஒன்று போகிறது, சைக்கிள் ஸ்டாண்டின் தகரம் பார்க்க முடியாமல் கண்ணை அடிக்கிறது. அங்கே என்ன வெயில் இருக்கும்? எனக்கு அந்த ஊர் தெரியும். சிரிக்காதீர்கள், தெரியும், நாலு மாதமாகக் கல்லூரி பஸ்ஸில் போகவர அந்த ஊரில்தான் நடக்கிறேன், போன் வரைபடத்தில் தெருவை அப்படியே படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நடக்கலாம். பல்கலைக்கழக வாசலில் இறங்கி இடதுபக்கம் போனால் ஆறு, பாலம், பச்சை நிறத்தில் ஒரு தபால்பெட்டி, அங்கே தபால்பெட்டி பச்சை, ரொட்டிக் கடை, கடை வாசலில் ஒரு கிழவர் கையில் பையோடு நிற்கிறார், எந்த நாள் போனாலும் அங்கேயே நிற்கிறார், படம் எடுத்த அன்று நின்றவர், நான் அவருக்குத் தினமும் காலை வணக்கம் சொல்கிறேன். அப்படியே இருபது நிமிஷம் நடந்தால் கடல். நம் கடல் மாதிரி இல்லை, சாம்பல் நிறம், கல், கல்லெல்லாம் பழுப்புப் பாசி, குனிந்து எடுக்க வேண்டும் போல விரல் நமநமக்கும், திரையைத்தான் தேய்ப்பேன். அங்கே பாசியை உலர்த்தி அப்படியே மென்று தின்கிறார்களாம், கடையில் பொட்டலம் போட்டு விற்கிறார்களாம். வேம்பாரில் மரியபுஷ்பம் அக்காவிடம் சொன்னேன், "அய்ய, உப்புக் கரிக்காதாட்டி?" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் அக்கா. நானே தின்று பார்த்துச் சொல்கிறேன். மழைக்கோட்டு இங்கே வாங்கக் கூடாது, இங்கே விற்பது நம் மழைக்கு, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். குக்கர் இரண்டு லிட்டர் போதும். கருவாடு கொண்டு போகக் கூடாது, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். தூங்கும்போதுகூட இந்தப் பட்டியல் ஓடும், ஒரு நாள் மிளகாய்ப்பொடி என்று வாய்விட்டே சொன்னேனாம், மாமி காலையில், "கனவுல சந்தைக்குப் போனியோ" என்று கேட்டார்கள்.

மாமி என்றால் என் மாமியார், செபஸ்தியம்மாள், ரோமால்டின் அம்மா. கல்யாணம் ஆன மூன்று வருஷத்தில் ரோமால்டோடு நான் இருந்த நாட்களைவிட மாமியோடு இருந்த நாட்கள்தான் அதிகம், ரோமால்ட் சரக்குக் கப்பலில் சமையல்காரர், ஒன்பது மாதம் கடல், மூன்றோ நாலோ மாதம் கரை. ஆங்கிலத் தேர்வுக்கு நான் தயார் செய்தபோது எனக்குத் தேர்வாளரே மாமிதான். இரண்டு நிமிஷம் நிற்காமல் பேச வேண்டும், அதற்கு யாராவது எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்க வேண்டும், நேரம் பார்க்க வேண்டும். மாமிக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. கீரையை ஆய்ந்துகொண்டே கடிகாரத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் சென்று பார்க்க விரும்பும் ஒரு நகரம் என்ற தலைப்பில் நான் பேசுவேன், "முழுங்குத, முழுங்குத, இப்போ ஒரு எடத்துல முழுங்குன" என்பார்கள். சரியாக அந்த இடத்தில்தான் சொல் கிடைக்காமல் தடுமாறியிருப்பேன். தேர்வில் பேச்சுக்கு எட்டு வாங்கினேன், மாமி தெரு முழுக்க, "இங்கிலீஷ்ல எட்டாம், ஒம்பதுக்கு" என்று சொன்னார்கள். அப்படி இருந்தவர்கள், மூன்று வாரத்துக்கு முன்னால் நான் தேதியைச் சொன்ன நாளில் இருந்து பேசுவதில்லை. சண்டை இல்லை. சோறு வைக்கிறார்கள், சாப்பிடு என்கிறார்கள், விளக்கை அணை என்கிறார்கள். படிப்பைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நான் போன் பேசினால் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "கெடச்சா ஆகஸ்ட் முப்பதுக்குள்ள கெளம்பணும் மாமி." மாமி விரலை மடக்கி எண்ணினார்கள். "அவன் செப்டம்பர் பதினெட்டுல்லா எறங்குதான்" என்றார்கள். ஆமா என்றேன். அவ்வளவுதான், அன்றோடு வாய் மூடிக்கொண்டது.

மூன்றாவது வரிசை, பதிவெண், முகம், கையெழுத்து. பதினெட்டு நாள் இல்லை, பத்தொன்பது நாள். பத்தொன்பது நாள் வித்தியாசத்தில் அவர் வருகிறார், நான் போகிறேன். போன டிசம்பர் பதினெட்டு ஏறினார், கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குடில் கட்டி முடித்துவிட்டுப் போகிறேன் என்று பாதி ராத்திரி வரைக்கும் வைக்கோலை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் போனால் திரும்ப அடுத்த செப்டம்பர். அவர் ஜனவரியில் மறுபடி ஏறிவிடுவார். கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு மாதம், அதுவும் அவர் அடுத்த கப்பலில் இருந்து சரியாக இறங்கினால். காத்திருக்க எனக்குத் தெரியும், காத்திருப்பதில் நான் முதுகலை, ஒற்றை டிக் விழுந்த செய்தியைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் இருப்பேன், கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்று இணையத்தில் பச்சை முக்கோணமாகக் காட்டும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்ப்பேன். ஆனால் நான் போய் அவர் காத்திருப்பது, அது எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. அவரிடம் சொன்னபோது சிங்கப்பூர் அருகில் இருந்தார், லைன் விட்டு விட்டு வந்தது. "போ மெல்டா, இத விடக் கூடாது" என்றார். அப்புறம், "எப்போ கெளம்பணும்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. "ஏங்க, இருக்கீங்களா?" என்றேன். "இருக்கேன்" என்றார், பின்னால் பாத்திரம் விழும் சத்தம், யாரோ இந்தியில் கத்தினார்கள், லைன் போய்விட்டது. அந்த மௌனம் அவருடையதா லைனுடையதா? மூன்று வாரமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அடுத்த தடவை பேசியபோது சாதாரணமாகப் பேசினார், முட்டைக் குழம்பு வைத்ததைச் சொன்னார், தேதியைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது. கிடைக்காமல் போய்விடுமோ என்பது இல்லை, அதற்கு நான் பழகியவள். கிடைத்துவிட்டால் நான் போய்விடுவேன், யார் முகம் எப்படிச் சுருங்கினாலும் போய்விடுவேன், அது எனக்கு உள்ளே நன்றாகத் தெரிகிறது, அதுதான் பயம். இருந்தும் பாருங்கள், கால் கீழே நிற்கவில்லை. பயத்துக்கு நடுவிலும், திருவிழாவில் ராட்டினம் உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்குமே, அது இன்னும் இறங்கவில்லை, காலையில் இருந்து அங்கேயே நிற்கிறது.

பதினொன்றே காலுக்குச் சந்திரமதி மேடம் சுற்றுக்கு வந்தார். வாசலில் செருப்பைத் தேய்த்து நின்று அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் மேஜைக்குப் போனார், விடைத்தாளைத் திருப்பினார், அடுத்த மேஜை, அடுத்தது, மூன்றாவது வரிசைக்கு வந்து நின்றார். என்னைக் கூப்பிடவில்லை, கண்ணால் வரச் சொன்னார். "மெல்டா மேடம், இன்னைக்கு என்ன தேதி?" என்று தணிந்த குரலில் கேட்டார். "இருபத்திநாலு மேடம். ஏப்ரல்." "அப்படியா. முதல் ரெண்டு வரிசைக்குச் செப்டம்பர் ஏழு போட்டிருக்கீங்க. மூணாவது வரிசையில இருந்து செப்டம்பர் பதினெட்டு." குனிந்து பார்த்தேன். என் கையெழுத்துதான். அழகாக, அவசரமில்லாமல், ஏழு ஒன்பது, ஏழு ஒன்பது, ஏழு ஒன்பது. அப்புறம் பதினெட்டு ஒன்பது. முப்பது பேருக்கும். ஒரு பையன், "நாங்க அப்பவே பார்த்தோம் மிஸ், ஏதோ ரூல்னு நினைச்சோம்" என்றான். மேடம் அவனைப் பார்க்கவே இல்லை, அவன் தலை தானாகத் தாளுக்குள் போய்விட்டது. என்னை ஜன்னலோரம் கூட்டிப் போனார். "யாருக்காவது உடம்பு முடியலையா?" "இல்ல மேடம். போன்ல ஒரு மெயில் வந்திருக்கு. வெளிநாட்டுல படிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். முடிவு வந்திடுச்சு, என்னன்னு பார்க்கல." சொல்லும்போதே குரல் மேலே போய்விட்டது, அடக்கினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணில் ஏதோ அசைந்தது, போனைத் தந்துவிடுவாரோ என்று ஒரு நொடி நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். "ஒண்ணு பத்துக்குத் தாள் கட்டி ஒப்படைச்சிட்டு வாங்கிக்கலாம்" என்றார். "இதெல்லாம் ஒரே கோடா அடிச்சு, மேல சரியான தேதி எழுதி, பக்கத்துல சுருக்கொப்பம் போடுங்க. முப்பதுக்கும்." வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மெதுவாக, "எந்த ஊர்?" என்றார். அயர்லாந்து என்றேன். "குளிருமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முப்பது தேதிகளைத் திருத்த நாற்பது நிமிஷம் ஆனது. எழுதிக்கொண்டிருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல் மெல்லத் தாளை இழுத்து, கோடு, இருபத்திநாலு நாலு, சுருக்கொப்பம். ஒவ்வொரு ஏழாம் தேதியையும் அடிக்கும்போது நான் போகவில்லை என்பது போலவும், ஒவ்வொரு பதினெட்டையும் அடிக்கும்போது அவர் வரவில்லை என்பது போலவும் இருந்தது, சே என்ன பைத்தியம், மை அடித்தால் விமானமும் கப்பலும் நிற்குமா. இருபத்தெட்டு வயது, முதுகலைப் பட்டம், இன்னும் இப்படி. நான் எப்போதும் இப்படித்தான், திருமண மோதிரம் போட்ட அன்றும் தப்பான விரலை நீட்டினேன். பன்னிரண்டரை மணி அடித்தது. பிறகு நேரம் ஓடவே இல்லை. ஒரு பெண் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். இன்னொருத்தி நூல் கேட்டாள். நான் ஓனாவின் நாயை நினைத்தேன், பச்சைத் தபால்பெட்டியை நினைத்தேன், இல்லை என்று வந்தால் இன்று மத்தியானம் என்ன செய்வேன் என்று நினைத்தேன், தயிர்சாதம் சாப்பிடுவேன், இரண்டு மணிக்கு அடுத்த தேர்வுக்கு நிற்பேன், சாயந்திரம் பஸ்ஸில் அந்த ஊருக்கு இனிமேல் நடந்து போக மாட்டேன், அதுதான் ரொம்பக் கஷ்டம், அந்தக் கிழவரிடம் சொல்லாமல் நின்றுவிடுவது. ஒரு மணி அடித்தது. தாள்களை வாங்கினேன், பதிவெண் வரிசையில் அடுக்கினேன், முப்பது, எண்ணினேன், இருபத்தொன்பது, மறுபடி எண்ணினேன், முப்பது. கட்டி, ஒப்படைத்து, கையெழுத்திட்டு, தட்டில் இருந்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். இப்போது கடவுச்சொல் முதல் தடவையே சரி. வட்டம் இரண்டு சுற்றுதான் சுற்றியது. மகிழ்ச்சியுடன் என்ற சொல்தான் முதலில் கண்ணில் பட்டது, அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிற வாக்கியம் என்று தெரியவில்லை, கட்டணம் முழுவதும் விலக்கு என்பது அடுத்த பத்தியில் இருந்தது, கீழே வரைக்கும் வாசித்து, மறுபடி மேலே வந்து, அது என் பெயர்தானா என்று பார்த்தேன். என் பெயர்தான்.

படியில் உட்கார்ந்து மாமிக்குப் போன் போட்டேன். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தார்கள். "கெடச்சிட்டு மாமி" என்றேன். அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி நின்றது. "மாமி?" "துட்டு கட்டணுமா?" "வேண்டாம், முழுசும் அவங்களே." மீதியையும் வேகமாகச் சொன்னேன்: "மாமி, நான் போறேன். அவங்க கப்பல்ல இருந்து வரும்போது நான் இருக்க மாட்டேன். ஒங்களுக்குக் கோவம்னு தெரியும், இருந்தாலும் நான் போறேன்." "கோவமா?" என்றார்கள் மாமி. "யாருக்குக் கோவம்?" "மூணு வாரமா பேசலியே மாமி." அப்போதுதான் மூச்சை விட்டார்கள், போன் வழியாகக் கேட்டது. "வாயத் தொறந்தா ஒளறிருவேன்னுதான் பேசல. அவன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருந்தாம்ட்டி, ஆகஸ்ட் நடுவுல என்னை எறக்கி விட்ருங்கன்னு. ஒனக்குச் சொல்லாதீங்கன்னான். கெடைக்கலேன்னா அவ இதுக்கும் சேத்து சங்கடப்படுவான்னான். நேத்துதான் பதில் வந்திச்சி. ஆள் இல்ல, விட முடியாதுன்னுட்டாங்களாம்." நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். கப்பல் சமையலறையில் யாரோ இந்தியில் கத்த, அவர் ஒரு கையில் போனோடு அந்தச் சத்தத்துக்கு நடுவில் தேதியைக் கணக்குப் போட்டிருக்கிறார், அந்த மௌனம் லைனுடையது இல்லை, அவர் எண்ணிக்கொண்டிருந்தார். "விட மாட்டேன்னுட்டாங்க" என்றார்கள் மாமி மறுபடி, "ஆனா கேட்டாம்லா." "ஆமா மாமி, கேட்டிருக்காங்க." "அழுதியா?" "இல்ல." "அழு, அழு. நான் என்ன கேக்கேன்னா, ஒனக்கு அங்க கிறிஸ்மஸுக்கு லீவு உண்டுமா?" "மூணு வாரம் உண்டு மாமி, ஆனா வந்துட்டுப் போறது..." "நீ எதுக்கு வரணும்? அவன் ஜனவரி வரைக்கும் கரையில சும்மாதான இருப்பான். அவன அங்க அனுப்பி வைக்கேன். நான் எங்க அக்கா வீட்டுல இருந்துக்கிடுவேன்."

மூன்று வாரம், இல்லை மூன்று வருஷம், நான் போட்ட கணக்கு எல்லாவற்றிலும் அவர் வந்து இறங்கும் இடம் ஒன்றுதான், எங்கள் வீட்டு வாசல். அவர் வேறு எங்கேயும் வரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாத் துறைமுகத்திலும் இறங்கிய மனுஷர், நான் இருக்கும் ஊரில் இறங்க மாட்டாரா? விசா வேண்டும், டிக்கெட் வேண்டும், அறையில் ஒருவருக்குத்தான் கட்டில் இருக்கும், இதெல்லாம் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஆனால் இருபத்திரண்டு என்ற எண் அப்படியே சரிந்து பன்னிரண்டு ஆகிவிட்டது, ஒன்பது எனக்குப் பழக்கமான எண்தான், அதற்கு மேல் மூன்று மாதம் கூட, அவ்வளவுதானே. "என்னட்டி, லைன்ல இருக்கியா?" என்றார்கள் மாமி. "இருக்கேன் மாமி. வருவாங்களா?" "அத நீ கேளு. நான் கேட்டா சரியா இருக்காது. சாப்பிட்டியா நீ?" இல்லை என்றேன், சாப்பிடு என்று சொல்லி வைத்துவிட்டார்கள். கீழே மத்தியானத் தேர்வுக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், வராண்டா முழுக்க மனப்பாடச் சத்தம். சந்திரமதி மேடம் படிக்குக் கீழே வந்து நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டினேன், மேலும் கீழும், பலமாக. அவர் சிரித்த மாதிரி இருந்தது, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு நகர்ந்தார். இன்னும் இருபது நிமிஷம். போனைத் திறந்து ரோமால்டுக்கு எழுதினேன், எழுத்து மாறி மாறி விழுந்தது, அழித்து அழித்து எழுதினேன்: டிசம்பர்ல அங்க வாரீங்களா, மழை பெய்யுமாம், ஆனா கடல் இருபது நிமிஷ நடைதான், நான் உங்களுக்கு எல்லாம் காட்டுதேன். அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. படியில் இருந்து எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு இரண்டு படி இறங்கிய பிறகுதான், இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தியை அதில் எழுதவே இல்லை என்பது நினைவு வந்தது.